முதுகில் கிழிசல், தலையில் காற்று

முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் தலைவலி, வாந்தி. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். மயக்க மருந்தின் மிச்சம் என்று விட்டுவிடாமல் காயத்திலிருந்து ரத்தத்தை வடிக்க வைத்த குழாயை, அதாவது டிரெய்னைப் பாருங்கள். ரத்தமாக வந்தது தண்ணீராக வெளுத்து, அளவும் கூடியிருந்தால், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா உறை கிழிந்திருக்கலாம்.

மூளைத் தண்டுவடத் திரவம் மொத்தமே சுமார் 150 மி.லி.தான். அது கசியக் கசிய மண்டைக்குள் அழுத்தம் இறங்குகிறது. கவிழ்த்த பாட்டிலில் தண்ணீர் இறங்கும்போது குமிழி மேலேறுகிறதே, அப்படித்தான் காயத்திலுள்ள காற்று கிழிசல் வழியே மூளைவரை ஏறுகிறது. டிரெய்னின் உறிஞ்சு விசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்திருந்தால், அடைபட்ட காற்றுக்குள் அதுவும் புகுந்து குமிழியைப் பெரிதாக்கும்.

உறுதிசெய்ய சிடி ஸ்கேன். அரை மில்லி காற்றுகூட அதில் அகப்படும். கொழுப்பும் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் கொழுப்பு -100-ஐ ஒட்டியும் காற்று -1000-ஐ ஒட்டியும் இருக்கும். அளந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. மூளையின் முன்மடல்கள் இரண்டும் அமுங்கி நடுவில் பிளந்து தெரிவதற்கு ‘ஃபியூஜி மலை அடையாளம்’ என்று பெயர். காற்று அழுத்துகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. ஆனாலும் படத்தைவிட நோயாளியின் நினைவுநிலைதான் முக்கியம்.

பெரும்பாலும் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் காற்று தானே கரைந்துவிடும். அதுவரை செய்ய வேண்டியவை: டிரெய்னின் உறிஞ்சு விசையை அறுவை மருத்துவர் நிறுத்த வேண்டும். இடுப்புப் பகுதிக் கசிவென்றால் பொதுவாகச் சமமாகப் படுக்க வைப்பார்கள். முக்காமலிருக்க மலமிளக்கி, இருமலுக்கு மருந்து. வெளிவிட்ட மூச்சை மறுபடி உள்ளிழுக்க விடாத நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 12–15 லிட்டர் ஆக்சிஜன். குமிழியில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்தால்தான் அது வேகமாக வெளியேறும். மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைப்பது இதற்குப் போதாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு மட்டும் கார்பன் டை ஆக்சைடைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

நினைவு மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கண்மணி விரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. மண்டையில் துளையிட்டுக் காற்றை எடுக்க வேண்டிவரும். ஆனால் கீழே கிழிசலை அடைக்காமல் விட்டால் காற்று மறுபடி ஏறும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால் மூளைக்காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும்.

காற்று கரைந்ததை ஸ்கேன் உறுதிசெய்யும்வரை விமானம் வேண்டாம். கேபினில் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு இறங்கலாம். அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும், மண்டையோட்டுக்குள்ளோ அதற்கு இடமில்லை.