மாடிப் பூங்காவுக்குக் கீழ ஒரு கோட்டைச் சுவர்

ஜார்ஜ் கோட்டைன்னாலே தலைமைச் செயலகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது, ஆனா அந்தக் கதையில பாதி நம்ம வடசென்னையிலதாங்க இருக்கு. 1746ல பிரெஞ்சுக்காரங்க கோட்டையப் புடிச்சாங்க, 1749ல திருப்பிக் குடுத்தாங்க, மறுபடி 1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டு 1759 பிப்ரவரியிலதான் கெளம்புனாரு, அப்ப கோட்டைக்கு வெளிய கறுப்பர் நகரத்துல (நம்மூர் ஜனங்க குடியிருந்த பகுதி) இருந்தவங்கதான் ரொம்ப அடிபட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்தக் கறுப்பர் நகரத்தச் சுத்தி பால் பென்ஃபீல்டுங்கிற இங்கிலீஷ்காரர் பெரிய மதில் கட்டுனாரு. அதுக்கு வரி வாங்க நெனச்சதுலதான் வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு பேரே வந்துச்சு.

அந்த மதில்ல இப்ப மிச்சம் பழைய ஜெயில் ரோட்டுல ஒரு துண்டுதான், அதுக்கு மேலதான் மாடிப் பூங்கா. செங்கல் இடுக்குல அரசங்கன்னு மொளச்சா உடனே வேரோட எடுக்கணும், சிமெண்ட் பூசவே கூடாது, அது ஈரத்த உள்ளயே அடைச்சிரும், சுண்ணாம்புக் காரைதான் சரி. ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஸ்கூல் பசங்கள தயவுசெஞ்சு ஒருவாட்டி அங்க கூட்டிட்டுப் போங்க.