சுதந்திரம் யாருடையது? ஒரு விளம்பர எழுத்தாளரின் கேள்வி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வானொலி விளம்பரங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதும், தமிழ் வசனம் வந்தால் குரல் கொடுப்பதும் என் பிழைப்பு. சாட்ஸ்வொர்த் மசாலா கடை, தீபாவளிப் புடவைத் தள்ளுபடி, நடுவில் எப்போதாவது ஒரு இன்ஷூரன்ஸ். அதனால் விளம்பரங்களில் ஆண் பெண் சமத்துவத்தைச் சட்டமாக்க ஐரோப்பாவில் நடந்த முயற்சியையும் நான் ஸ்டுடியோவுக்குள் இருந்தபடியேதான் பார்க்கிறேன்.

2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் அன்னா டயமன்டோபுலூ ஆணையராக இருந்தபோது ஒரு சட்ட வரைவு வெளியே கசிந்தது. ஊடகமும் விளம்பரமும் பெண்ணை இழிவாகவோ, பெண் என்றால் அடுப்படி என்கிற பாணியிலோ காட்டுவதை அது தடுக்கப் பார்த்தது. பத்திரிகைகளும் விளம்பரத் துறையும் சும்மா விடவில்லை. கருத்துச் சுதந்திரம் போய்விடும், இழிவு எது என்று யார் தீர்மானிப்பது, எங்கள் சுயக் கட்டுப்பாடே போதும் என்றார்கள். நவம்பரில் ஆணையம் முறையாக முன்மொழிந்தபோது அந்தப் பகுதி காணாமல் போயிருந்தது. 2004 டிசம்பரில் சட்டமாக வந்த, பொருள்களையும் சேவைகளையும் பெறுவதில் ஆண் பெண் சமத்துவம் பற்றிய 2004/113 ஆணையோ, ஊடக, விளம்பர உள்ளடக்கத்துக்கு இது பொருந்தாது என்று எழுதியே வைத்துவிட்டது.

கருத்துச் சுதந்திரம் சரி, யாருடைய கருத்து? ஒரு மசாலா விளம்பரத்தில் கணவன் பிரியாணி கிளறுவதாக எழுதினேன். கடைக்காரர் படித்துவிட்டு, "வேண்டாம்மா, அம்மாவே சமைக்கட்டும், அதுதான் விற்கும்" என்றார். இத்தனைக்கும் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெரிய பானையில் பிரியாணி போடுவது பெரும்பாலும் ஆண்கள்தான். முப்பது நொடியில் மாமியார், மருமகள், பாராட்டு, கடை முகவரி என்று முடிந்தது. அங்கே சுதந்திரம் பணம் கட்டுகிறவரிடம் இருந்தது. எழுதுகிறவளிடம் இருந்ததே இல்லை.

தெளிவில்லாத சட்டம் என்ற ஆட்சேபத்தை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. 1999இல் ஹாலிவுட் நடிகை சார்லீஸ் தெரோன் நடித்த ஒரு விளம்பரம், பாலியல் வன்முறையைக் கண்டும் பேசாமல் இருக்கும் தென்னாப்பிரிக்க ஆண்களைச் சாடியது. ஆண்களை இழிவுபடுத்துகிறது என்று புகார் போக, துறையின் சொந்த விளம்பரத் தர ஆணையமே அதை நிறுத்தியது. பிறகுதான் தடை நீங்கியது. அப்படியானால் சட்டம் வேண்டாமா? வேண்டும். ஆனால் எது குற்றம் என்று ஒரு கடைக்காரருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும்.

சுயக் கட்டுப்பாடு போதும் என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். இங்கே விளம்பர நெறிமுறையில் பாலினச் சித்திரிப்பு பற்றி விதி உண்டு. அது பெரும்பாலும் புகார் வந்தால்தான் அசையும், மசாலா விளம்பரத்தைக் கேட்டு யார் புகார் எழுதப் போகிறார்கள்? போதாததற்கு, ஹெர்பெக்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், உறுப்பினர் அல்லாதவர்கள் மீது விளம்பரத் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2017இல் சொல்லிவிட்டது. மறுவருடம் ஆணையமே கடையைக் கட்டியது. விளம்பர ஒழுங்குமுறை வாரியம் என்ற புதிய அமைப்பு வந்தது.

ஐரோப்பாவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அதே 2004/113 ஆணையில், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கட்டணம் வாங்கலாம் என்று தங்களுக்கு ஒரு சலுகை வாங்கியிருந்தன. அதை எதிர்த்து வழக்குப் போனது. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் சலுகையை நீக்கியது. 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டணம். விளம்பரத்துக்குக் கிடைத்த விலக்கு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.