பெரியம்மாவின் கடகமும் மூன்றரை அங்குலத் துளையும்

"வதிவிடம் எண்டால் அங்கேயே படுக்கவும் வேணுமோ?"

அம்மாவின் முதல் கேள்வி இது. அவவைக் குறை சொல்லமுடியாது. கொழும்பு 7 பக்கம் இருக்கிற ஒரு சின்னச் சிறுவர் நூதனசாலை, 'ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி', அதாவது கலைஞர் வதிவிடம் என்று கலைஞர்களை அழைத்து அறிவித்தல் விட்டிருந்தது. ஆங்கிலமும் சிங்களமும் ஒரே நாளில் வந்தன. தமிழ் மூன்று நாள் பிந்தி வந்தது, அதிலும் 'வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம்' என்று. வாசிக்கிறவர்கள் யாரோ விசா கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் விஷயம் இதுதான்: ஆறு கிழமை, கிழமைக்கு நான்கு நாள், நூதனசாலையின் ஒரு மூலையில் இருந்து, வந்துபோகும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படைப்பைச் செய்யவேண்டும். இரவில் வெள்ளவத்தைக்குத் திரும்பி அம்மாவின் புட்டைச் சாப்பிடலாம்.

நான் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். அதனால் இது எனக்குச் சுலபம் என்று நினைத்துவிட்டேன். முதலில் எழுதிய திட்டம் பனையைப் பற்றிய எட்டுப் பெரிய ஓவியங்கள், விதையிலிருந்து கூரைச் சலாகை வரை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'உங்கள் படைப்போடு ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?' நான் 'பார்க்கும்' என்று எழுதிவிட்டு, பனையின் பெருமையை இன்னும் இரண்டு பந்திக்கு நீட்டியிருந்தேன். தோழி ஒருத்தி வாசித்துவிட்டு, "எவ்வளவு நேரம் பார்க்கும்?" என்று மட்டும் கேட்டாள். என் சனிக்கிழமை வகுப்பை நினைத்துப் பார்த்தேன். கூடினால் பதினைந்து செக்கன்.

என்னுடைய பிழைக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் நான் பார்த்த நூதனசாலை 1877இல் திறந்த கொழும்புத் தேசிய நூதனசாலை. வரிசையில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்து வந்தோம். எதையாவது தொட்டால் டீச்சர் காதைத் தொடுவா. சிறுவருக்கென்றே நூதனசாலை என்ற யோசனை அதற்கு 22 வருடம் பிந்தியது; முதலாவது 1899இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் சிறுவர் நூதனசாலை 2007 முதல் நடத்துகிற கலைஞர் திட்டத்துக்கு வைத்திருக்கிற பெயரே 'டஃப் ஆர்ட்'. கெட்டியான கலை என்று சொல்லலாம். பிள்ளைகள் ஏறினாலும் இழுத்தாலும் படைப்பு நின்றுபிடிக்கவேண்டும். இதை வாசித்த இரவே எட்டு ஓவியங்களையும் கைவிட்டேன்.

அடுத்த நாள் சாவகச்சேரிக்குப் போன் எடுத்தேன். பெரியம்மா இன்றைக்கும் பனையோலையில் பெட்டி, கடகம் என்கிற பெரிய கூடை, பாய் எல்லாம் இழைக்கிறவ.

"பெரியம்மா, ஒரு பிள்ளை உள்ளுக்குப் போய் இருக்கிற அளவுக்குக் கடகம் இழைக்கேலுமே?"

"எத்தினை வயதுப் பிள்ளை? சும்மா இருக்கிற பிள்ளையோ, துள்ளுற பிள்ளையோ?"

தேர்வுக் குழு பிறகு அரை மணித்தியாலமாகக் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

இரண்டாவது திட்டம் இப்படி வந்தது. மூங்கில் சட்டத்தின்மேல் சார்வோலை, அதாவது இளம் பனையோலை இழைத்து, ஆளுயரத்தில் ஒரு கடகம், பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்படும். கடகத்தின் சுவரில் சதுரச் சன்னல்கள். பிள்ளைகள் சாயமிட்ட ஓலைகளை அவற்றினூடாகச் செருகி இழைக்கலாம், பிடிக்காவிட்டால் அவிழ்க்கலாம். மேலே கிலுகிலுப்பைகள் தொங்கும், உள்ளே குன்றிமணி போட்டு. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் ஓலை நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று கற்பனையிலேயே மயங்கிப்போய் இருந்தேன்.

கடதாசி வேலைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளோடு வேலை என்பதால் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு காலைகள் போயின. முடிவுத் திகதிக்கு முதல் நாள்தான் போகிறேன் என்று இருந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

வரவுசெலவுக் கணக்கில்தான் நன்றாக வழுக்கினேன். மூங்கில், ஓலை, சாயம், யாழ்ப்பாண பஸ்ஸில் பார்சல் கூலி, ஆட்டோ என்று ஒவ்வொரு சதமும் எழுதி, அவர்கள் தந்த எல்லைக்கு வெகுதூரம் கீழே கொண்டுவந்து, பெருமையோடு அனுப்பினேன். இரண்டு நாளில் இணைப்பாளர் போன் எடுத்தா.

"மிஸ், உங்கட காசு எங்க?"

"எல்லாம் போட்டிருக்கிறனே."

"சாமானுக்குப் போட்டிருக்கிறீங்க. உங்கட ஆறு கிழமைக்கு?"

குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அப்படி அனுப்பினால், தன் வேலையைக் கணக்குப் பார்க்கத் தெரியாத ஆள், நாலாம் கிழமையில் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் குழு யோசிக்கும் என்றா. அதைவிட வெட்கமான ஒன்றை அவ கவனிக்கவில்லை, நான்தான் பிறகு கண்டேன். கடகத்தின் அடியையும் ஓலைகளையும் செய்து அனுப்பப்போகிற பெரியம்மாவை 'குடும்ப உதவி' என்று எழுதி, எதிரே ஒரு கோடு போட்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பெண்களின் கைவேலைக்கு எப்போதும் போடுகிற கோடு. அவவுக்கும் எனக்கும் கூலி போட்டுத் திருத்தியதில் தொகை இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நேர்முகத்தில் மூன்று பேர்: பொறுப்பாளர், பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர், அங்கே மரவேலை பார்க்கும் பாஸ். ஓலை என்றதும் பொறுப்பாளர் ஏட்டுச்சுவடிப் பக்கம் போய்விட்டார். சிங்களத்தில் புஸ்கொள என்பது தாளிப்பனையின் ஓலை, எங்கள் ஏடுகள் பெரும்பாலும் பனையோலை. அந்தப் பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆசிரியை குன்றிமணியைத் தொட்டார். விதையை மென்றால் உள்ளே இருக்கிற நஞ்சு ஆளையே கொல்லும், தெரியுமா என்றார். தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அழகுக்காக எழுதியிருந்தேன். மஞ்சாடி போடுகிறேன் என்று சமாளித்தேன். பாஸ் ஒன்றும் பேசாமல் மேசையில் ஒரு டொய்லட் ரோல் குழலை வைத்தார். அதற்குள் விழுகிற எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும். முறையான சோதனைக் குழலின் வாய் இதைவிடச் சின்னது, 31.7 மில்லிமீற்றர்தான், இவர் இன்னும் இறுக்கமாகப் பார்க்கிறவர். கிலுகிலுப்பை அன்றோடு போயிற்று.

பிறகு அளவுநாடாவை எடுத்து என் வரைபடத்தின் சன்னல்களைக் கேட்டார். ஆறு அங்குலம் என்றேன். தலையை ஆட்டினார். மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட துளை கூடவே கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். சின்னதாக்கு, இல்லாவிட்டால் பெரிதாக்கு. என் பஸ் சிங்களத்துக்கு முழுதாக விளங்காவிட்டாலும், தன் தலையையே கையால் பிடித்து இழுத்துக் காட்டியபோது நன்றாக விளங்கியது. சன்னல்களை மூன்று அங்குலமாக்கி, ஒரு பக்கத்தில் தவழ்ந்து போகப் பெரிய வாசல் வைத்தோம். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் அது பார்க்கக் கடகம் மாதிரி இருந்தது.

ஒக்டோபரில் தொடங்கினோம். விடியற்காலை வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ் நிற்கும்போது சாரத்தில் சுற்றிய ஓலைக்கட்டை இறக்குவேன். பின்னேரம் இடியும் மழையுமாக இருக்கும், மூன்றாம் நாளே ஓலையில் பூஞ்சணம். பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருளுக்கு மருந்து அடிக்கமுடியாது. காலை வெயிலில் பல்கனியில் காயவைத்து, இரவு மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தேன். வீடு முழுக்கச் சாவகச்சேரி மணம். இன்னொரு விதி, ஓலை வாரும் சத்தகம் என்கிற சின்னக் கத்தி பிள்ளைகள் இருக்கிற அறைக்கு வரக்கூடாது. எல்லாவற்றையும் வீட்டிலேயே வார்ந்து, நனைத்து, கட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் வந்த ஒரு பையன், நான் காலை முழுக்க இழைத்து வைத்த ஒரு பக்கத்தை இருபது நிமிடத்தில் உருவி எடுத்தான். ஒவ்வொரு ஓலை வரும்போதும் ஒரு சிரிப்பு. அவன் அம்மா சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தா. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்து வந்த சிறுமி அந்த ஓலைகளைப் பொறுக்கி வேறு விதமாகச் செருகினாள். இரண்டாம் கிழமைக்குப் பிறகு நான் காலையில் இழைப்பதை நிறுத்திவிட்டேன், விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் 'தல் கொள', 'ஓலை', 'லீஃப்' என்று மூன்றையும் கலந்து கத்துவார்கள். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

பெயர்ப்பலகையில் பெரியம்மாவின் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கவேண்டும் என்று கேட்டேன், வைத்தார்கள். தமிழில் 'ல'வும் 'ள'வும் மாறியிருந்தது. பாஸ் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தினார்.

முடிந்த நாள் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு குரல் பதிவு வந்தது.

"விளிம்பு பொத்தினது ஆர், பிள்ளை?"

நான்தான் என்று எழுதினேன்.

"ம். தெரியுது."