டிஸ்சார்ஜ் தாளில் இல்லாத கண் பரிசோதனை

என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். எடை 1,450 கிராம். ஆக்சிஜன், காமாலைக்கு நீல விளக்கு, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் எல்லாவற்றையும் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். அந்த வார்டு செவிலியர்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். என் ஆத்திரமெல்லாம் அதன் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய விழித்திரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக; அந்த நோயைத்தான் ஆர்.ஓ.பி. என்கிறார்கள். வளர்ந்து முடியாத ரத்தநாளங்கள் தாறுமாறாகப் பெருகினால் விழித்திரை பிரிந்து பார்வையே போய்விடலாம். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும்! எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் இரும்புச்சத்து சொட்டு மருந்து, வைட்டமின் டி, தடுப்பூசித் தேதி எல்லாம் இருந்தன. இது மட்டும் இல்லை. எடை பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர், "கண் காட்டியாயிற்றா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

மறுநாளே கிளம்பினோம். கண் மருத்துவமனையில் சீட்டு போடுபவர் தாளைப் புரட்டிவிட்டு, "கண் பார்க்கச் சொல்லி இதில் எழுதவில்லையே, வாங்கி வாருங்கள்" என்றார். "பச்சைக் குழந்தை தம்பி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறோம்" என்று என் மாமியார் கெஞ்சினார். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். விசாரித்தால், விழித்திரை மருத்துவர் வருகிற நாளே அது இல்லையாம். அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன?

பிரசவம் பார்த்த இடத்தில் ரெக்கார்டு அறை பூட்டியிருந்தது. பழைய வார்டுக்கே போய் நின்றேன். முகம் தெரிந்த செவிலியர் ஒருவர் பணியிலிருந்த டாக்டரிடம் அழைத்துப்போக, பிறந்த வாரம், எடை, ஆக்சிஜன் வைத்த நாட்கள் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்கினேன். அடுத்த முறை கவுன்டரில் ஒரு கேள்வி எழவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைத் தேதி இல்லாமல் வார்டை விட்டு நகராதீர்கள். மருத்துவர் வரும் நாளைப் போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வழியில் குழந்தைக்குக் குல்லாய் போட்டு, கங்காரு முறையில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு எடைதான் என்றால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். பரிசோதனைக்குச் சற்று முன் வயிறு நிறையப் பால் கொடுக்க வேண்டாம், கக்கிவிடும். இமையை விரித்துப் பிடிக்கும்போது வீறிட்டு அழுவாள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இப்போதைக்கு ஆபத்தில்லை, லேசர் தேவையில்லை என்றார் டாக்டர். ரத்தநாளங்கள் விழித்திரையின் ஓரம்வரை வளர்ந்து முடியும்வரை காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அடுத்த தேதியைத் தாளின் மேலேயே பெரிதாக எழுதி வாங்கி வந்துவிட்டேன்.