போலந்தில் சொந்த பிராண்ட் இறக்கலாமா? நாங்கள் கணக்குப் போட்ட விதம்

திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடை தைக்கிறோம். இத்தனை காலமும் ஐரோப்பிய பையர்களின் லேபிளை வைத்தே அனுப்பினோம். சொந்தப் பெயரில் விற்கும் ஆசை வந்ததும் போலந்தைப் பார்க்கத் தொடங்கினோம். 3.7 கோடிப் பேர், 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில். "ஜெர்மனி மாதிரி அங்கே போட்டி இருக்காது" என்று பலரும் சொன்னார்கள். அது சரியில்லை. ரிசர்வ்டு, சின்சே என்ற துணிக்கடைகளை நடத்தும் எல்பிபி போலந்துக் கம்பெனிதான். விலையில் அவர்களோடு மோதுவது நம்மால் ஆகாத காரியம்.

எந்த மார்க்கெட் ரிப்போர்ட்டையும்விட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது போலந்தின் வூட்ச் நகரின் மனுஃபக்தூரா மால். பழைய பஞ்சாலை வளாகம் அது. மில் ஊர்க்காரனான எனக்கு அந்தச் செங்கல் சுவரைத் தாண்டிப் போகவே மனம் வரவில்லை. தள்ளுபடி போட்டால், அதற்கு முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்பது 2023 முதல் அங்கே சட்டம். ஒரே டேகில் வழக்கமான விலை, தள்ளுபடி விலை, அந்த 30 நாள் விலை. அடுத்தவர் நிஜமாக எந்த விலைக்குச் சரக்கைத் தள்ளுகிறார் என்பது பளிச்சென்று தெரியும். கடை கடையாக அதைத்தான் எழுதிக்கொண்டேன்.

பிறகு அந்த விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்தோம். டேகில் 61.50 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) என்றால், நம்ம ஜிஎஸ்டி மாதிரியான 23 சதவீத வாட் வரி போகக் கடைக்கு நிற்பது 50. குழந்தை உடுப்புக்கும் இதே வாட்தான். அந்த 50-இல் கடைக்காரர் லாபம், குடோன், கப்பல் வாடகை, சுங்கம் எல்லாம் அடங்க வேண்டும். சுங்கத்துக்கு 12 சதவீதம் வைத்தோம். வங்கதேசச் சரக்கோ வரியில்லாமல் இறங்குகிறது. சாதாரண டீ ஷர்ட் கட்டுபடியாகாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அங்குள்ள ஆன்லைன் சந்தையான அலெக்ரோவில் விற்கலாம் என்றான் தம்பி. வாங்கியவரே வந்து பார்சலை எடுத்துக்கொள்ளும் இன்போஸ்ட் பெட்டி தெருவுக்குத் தெரு நிற்கிறது, டெலிவரிக்குக் கவலையில்லை. ஆனால் ஆன்லைனில் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திரும்பி வந்த உடுப்பைப் பிரித்துப் பார்த்து, அயர்ன் செய்து, மறுபடி பாலிபேக் போட அங்கேயே ஆள் வேண்டும்.

சட்டத்தில் கறாரான நாடு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் ஹூடியில் தலைப்பகுதிக் கயிறு கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. நூலிழை விவரம் போலிஷ் மொழியில் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல், பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள் ஒருவர் கட்டாயம். 5,000 ஸ்லோட்டி மூலதனத்தில் அங்கே கம்பெனி தொடங்கலாம்தான். அதைப் பார்த்து இறங்கிவிடக் கூடாது. கணக்காளர், குடோன், ஆள் சம்பளம்தான் உண்மையான செலவு.

அதனால் கம்பெனிப் பதிவை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். ஆர்கானிக் காட்டனில் மூன்று வயது வரையிலான உடுப்பு மட்டும், எங்கள் லேபிளில், அங்குள்ள ஒரு இறக்குமதியாளர் வழியாகப் போகிறது. சட்டப் பொறுப்பும் அவர் பெயரில். விலையை யூரோவில் பேசியிருக்கிறோம். தள்ளுபடி இல்லாமல் எத்தனை பீஸ் நகர்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்குவோம்.