பச்சை மலை ரயிலைத் தேடிப் போனால் சிவப்பு எஞ்சின் வருகிறது

பெயர் கிரீன் மவுண்டன் ரயில்ரோடு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ருட்லண்டுக்கும் பெல்லோஸ் ஃபால்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடும் சரக்குப் பாதை. பச்சையும் மஞ்சளுமான எஞ்சினைப் படம் பிடிக்க ஆசைப்பட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், வளைவு திரும்பி வருவது பளிச்சென்ற சிவப்பு. பெரும்பாலும் இதுதான் கதி. முதலிலேயே தெரிந்துகொண்டு போனால் வயிற்றெரிச்சல் பாதியாவது குறையும்.

அந்தப் பச்சையே சொந்தப் பச்சை இல்லை என்பதுதான் வேடிக்கை. அது செத்துப்போன ஒரு கம்பெனியின் சட்டை. இந்தத் தண்டவாளத்தைப் போட்ட கம்பெனி 1843-ல் சாம்ப்ளெயின் அண்ட் கனெக்டிகட் ரிவர் என்று பதிவானது. 1847-ல் ருட்லண்ட் அண்ட் பர்லிங்டன் ஆனது. 1867-ல் ருட்லண்ட் ரயில்ரோடு. 1950-ல் ருட்லண்ட் ரயில்வே. நூறு வருஷத்தில் நாலு பெயர்ப் பலகை. கடைசியில் 1950-களில் டீசல் எஞ்சின்களுக்கு அடித்த பச்சை மஞ்சள்தான் ஊர்க்காரர்கள் மனதில் நின்ற நிறம். பயணிகள் ரயில் 1953-லேயே நின்றுவிட்டது. 1961 செப்டம்பர் 25-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நிர்வாகம் மறுபடி ரயில் ஓட்டவே இல்லை, கைவிட அனுமதி வாங்கிவிட்டது.

வெர்மான்ட் அரசு தன் எல்லைக்குள் இருந்த தண்டவாளத்தின் முக்கியப் பகுதிகளை விலைக்கு வாங்கியது. பாதை அரசுடையது, ஓட்டுவது தனியார் என்ற ஏற்பாடு. மேற்கே பர்லிங்டன்–பென்னிங்டன் பகுதியை ஜே வுல்ஃப்சன் எடுத்து 1964 ஜனவரியில் வெர்மான்ட் ரயில்வே என்று ஓட்ட ஆரம்பித்தார். சிவப்பு அங்கிருந்துதான் வருகிறது. மலை தாண்டும் கிழக்குத் துண்டை 1965-ல் ஓட்டத் தொடங்கியது நெல்சன் ப்ளவுண்டின் கிரீன் மவுண்டன். ப்ளவுண்ட் நீராவி எஞ்சின் பித்தர். பெல்லோஸ் ஃபால்ஸ் பக்கத்தில் ஸ்டீம்டவுன் என்ற அருங்காட்சியகமே வைத்திருந்தவர். 1967-ல் விமான விபத்தில் இறந்தார். அந்த நீராவிக் கூட்டம் 1984-ல் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனுக்குப் போய்விட்டது. சரக்கு ரயில் மட்டும் இங்கேயே தங்கியது.

புதுக் கம்பெனி, பழைய பெயரை விட்டுவிட்டுப் பழைய நிறத்தை எடுத்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான். ருட்லண்ட் என்ற பெயரோடு வேலைநிறுத்தச் சண்டையும் ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை மஞ்சளைப் பார்த்தால் ஜனங்களுக்கு நல்ல நாள்தான் நினைவுக்கு வரும். பெயருக்கும் அலைய வேண்டியதில்லை. வெர்மான்ட் என்ற சொல்லே பிரெஞ்சில் பச்சை மலை. 1770-களில் ஈத்தன் ஆலன் தலைமையில் சண்டை போட்ட படைக்கு கிரீன் மவுண்டன் பாய்ஸ் என்று பெயர். கார் நம்பர் பிளேட்டுகூடப் பச்சை, அதில் ‘பச்சை மலை மாநிலம்’ என்ற வாசகம் வேறு. அப்புறம் 1997-ல் சிவப்புக்காரர்கள் பச்சைக்காரர்களை வாங்கினார்கள். இரண்டும் இப்போது வெர்மான்ட் ரயில் சிஸ்டம். எஞ்சின்கள் கலந்து ஓடுகின்றன, சிவப்பு ஜெயித்துவிட்டது.

பச்சை உருப்படியாக மிஞ்சியிருப்பது 405-ம் நம்பர் எஞ்சினில். ஆல்கோ கம்பெனியின் ஆர்எஸ்-1 மாடல், 1000 குதிரைத்திறன், 1951-ல் ருட்லண்டுக்காகவே கட்டப்பட்டது. இது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். கரும்பச்சை என்பதால் கோடையில் மரங்களோடு கலந்து காணாமல் போகும். நிழலில் கறுப்பாகவே விழும், எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, அரை ஸ்டாப் ஏற்றி எடுக்க வேண்டும். சிவப்புக்கு நேர் எதிர்: வெயிலில் நிறம் கொட்டிப்போய் விளிம்புகள் அழியும், மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவருவது அக்டோபர் முதல் இரண்டு வாரம், இலை நிறம் மாறும் காலம்.

அந்த இரண்டு வாரம்தான் அறை வாடகை கன்னாபின்னாவென்று ஏறும். பணம் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் என்ற அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனத்தின் இரண்டு ரயில்கள், ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். வெர்மான்டர் ரயில் பெல்லோஸ் ஃபால்ஸில் மாலை ஐந்து மணி வாக்கில் இறக்கிவிடும். இறங்கினால் ஆறு ஒரு பக்கம், கால்வாய் மறு பக்கம், நடுவில் தீவு மாதிரி ஸ்டேஷன், வாசலில் ஒரு டாக்ஸி கிடையாது. போனில் கூப்பிட்டு வருகிறவர் சொல்வதுதான் ரேட்டு. பெட்டி படுக்கையோடு இங்கே இறங்கத் திட்டம் போடுவது சுத்த முட்டாள்தனம். ஈத்தன் ஆலன் எக்ஸ்பிரஸில் ருட்லண்டுக்கே போய்விடுங்கள். மாலையில் போய்ச் சேரும், அன்றிரவு தங்கி, மறுநாள் காலை கார் வாடகைக்கு எடுத்தால் போக வர 160 கிலோமீட்டர், ஒரு பகலில் முடியும். டிக்கெட் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும். ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது.

ருட்லண்டுக்குத் தெற்கே 103-ம் எண் சாலையில் திரும்பினால் தண்டவாளம் கூடவே வரும். முதலில் கட்டிங்ஸ்வில். ஆற்றுக்கு மேலே உயரமான இரும்புப் பாலம், சாலையிலிருந்தே தெரியும். இந்தப் பாதையில் ஒரே ஒரு படம்தான் எடுக்க நேரம் என்றால் அது இங்கேதான். சரக்கு ரயிலுக்கு அச்சடித்த கால அட்டவணை கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள், அத்துமீறல் வழக்காகிவிடும்.

அடுத்து மவுண்ட் ஹாலி. 1848-ல் தண்டவாளத்துக்காகச் சதுப்பை வெட்டியபோது மாமத் யானையின் தந்தம் கிடைத்த ஊர். மறு வருஷம் இதே கம்பெனி, பர்லிங்டனுக்குத் தெற்கே சார்லட்டில் தோண்டும்போது பெலுகா திமிங்கலத்தின் எலும்புக்கூடு கிடைத்தது, கடலே இல்லாத மாநிலத்தில்! பனியுகம் முடிந்தபோது அங்கே கடல் உள்ளே புகுந்திருந்தது. இரண்டும் இன்று மாநிலத்தின் அதிகாரபூர்வப் புதைபடிவங்கள். ஒரே ரயில்வே தோண்டிக் கொடுத்த சொத்து.

இதோடு விட்டதா? லட்லோவைத் தாண்டினால் கேவண்டிஷ். 1848 செப்டம்பர் 13-ல் இதே தண்டவாளத்துக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஃபினியஸ் கேஜின் கையில் இருந்த கடப்பாரை, மருந்து வெடித்து, இடது கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியாகப் பறந்தது. 3 அடி 7 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குலத் தடிமன், 6 கிலோ எடை. மனிதர் சாகவில்லை, இன்னும் பதினோரு வருஷத்துக்கு மேல் இருந்தார். மூளையியல் பாடப்புத்தகங்களில் வரும் அந்தக் கேஜ் இவர்தான். ஊரில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. மண்டையோடும் கடப்பாரையும் ஹார்வர்டில்.

செஸ்டரை வேகமாகத் தாண்டலாம். பார்ட்டன்ஸ்வில் கூரைப் பாலத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்: 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வெள்ளம் பழைய பாலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனது, இப்போதிருப்பது மறுபடி கட்டியது.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்குக் கிடைப்பது ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுட்டது, அதுவே திரும்பத் திரும்ப. ஆனால் மேப்பிள் கிரீமி என்று ஒரு மென் ஐஸ்கிரீம் விற்கிறார்கள், அதில் காசைப் பார்க்காதீர்கள். சர்க்கரைப் பாகு வாசனையில் நம்மூர் பனங்கருப்பட்டியின் தூரத்துச் சொந்தம். சாயம் தூக்கலாகத் தெரிந்தால் எசன்ஸ், வெளிர் பழுப்பாக இருந்தால் அசல்.

பெட்டிகள் யாருடையவை என்று தெரிய வேண்டுமா? பக்கவாட்டில் நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஜிஎம்ஆர்சி என்றால் கிரீன் மவுண்டன், விடிஆர் என்றால் வெர்மான்ட் ரயில்வே. கடைசி எழுத்து எக்ஸ் என்றால் ரயில் கம்பெனியுடையதே இல்லை, தனியார் பெட்டி. எஞ்சின் நிறம் ஏமாற்றினாலும் இந்த எழுத்து ஏமாற்றாது.

இரவு ருட்லண்டில் தங்கினால், திரும்பும் ரயில் மறுநாள் நண்பகல் வாக்கில். பெட்ரோல் நிரப்பிக் காரை ஒப்படைக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குறையாக நிரப்பிக் கொடுத்தால் அவர்கள் போடும் பெட்ரோல் விலை அடகு நகைக்கு வட்டி மாதிரி. அது பர்லிங்டனிலிருந்து வருகிற ரயில். வெர்மான்ட் ரயில்வே தண்டவாளத்தில், 1953-க்குப் பிறகு பர்லிங்டன்–ருட்லண்ட் முழுத் தூரமும் அன்றாடப் பயணிகள் ரயில் 2022-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கிய அதே பாதையில். இடம் பிடிக்குமுன் யார்டுப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். வரிசையாகச் சிவப்பு நிற்கும். மூலையில் எங்காவது பச்சை தெரிந்தால் ஜன்னல் இருக்கையை அந்தப் பக்கம் பிடியுங்கள்.