49 நல்ல எண்ணா?

அன்று நான் சொன்ன பதிலில் பிழையில்லை என்று இரண்டு ஆண்டுகளாக எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். பிழையில்லாத ஒன்றை இத்தனை முறை நிரூபிக்க வேண்டியிருப்பதுதான் உறுத்துகிறது.

ஓடுகிற பிள்ளைகளின் உடல்திறனை ட்ரெட்மில்லில் அளப்பது என் வேலை. நடந்தது இவ்வளவுதான். ட்ரெட்மில்லிலிருந்து இறங்கி, மாஸ்க்கைக் கழற்றி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, விளையாட்டு விடுதியில் தங்கி 800 மீட்டர் ஓடுகிற அவள் கேட்டாள்: “எவ்ளோ வந்துச்சு மேடம்?” “49” என்றேன். “அது நல்லதா?” நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மூன்று வினாடிகள் கழிந்திருக்கும். பிறகு, “இப்போதைக்குப் பரவால்லம்மா. ஆனா எண்ணூறுக்கு இன்னும் வேணும்” என்றேன். “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

உடல் தன் எல்லைவரை உழைக்கும்போது, ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதுதான் அந்த எண். பயிற்சியில்லாத இளம்பெண்ணுக்கு அது 35-ஐ ஒட்டி இருக்கும். உலக அளவில் நடுத்தொலைவு ஓடுகிறவர்களுக்கு 60-ஐத் தாண்டும். 800 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகவே கிடைக்கிறது என்பதால், இன்னும் வேண்டும் என்று நான் சொன்னது பாடப்புத்தகப்படி சரியே. ஆனால், ஏறக்குறைய ஒரே தரத்தில் ஓடுகிற பத்துப் பேரில் யார் முந்துவார் என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்பதும் அதே பாடப்புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒரே எண் கொண்ட இருவரில் ஒருவர் குறைந்த ஆக்சிஜனைச் செலவழித்தே அதே வேகத்தில் ஓடிவிடுவார். ஹெரிட்டேஜ் என்ற பெரிய குடும்ப ஆய்வில், ஒரே விதமான பயிற்சியை 20 வாரம் செய்தவர்களில் சிலருக்கு இந்த அளவு ஏறவே இல்லை, சிலருக்கு வியக்கத்தக்க அளவுக்கு ஏறியது. ஆக, 49 என்பது அவளுடைய அன்றைய நிலையைச் சொன்னதே தவிர அவளுடைய எல்லையைச் சொல்லவில்லை. இதை அவளுக்கு விளக்க இரண்டு நிமிடம் போதும். வெளியே இன்னும் பதினொரு பேர் வரிசையில் இருந்தார்கள்.

பதினொரு பேர் காத்திருந்தது ஒரு காரணமாகுமா என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கட்டும். அன்று அது எனக்குக் காரணமாகத்தான் பட்டது.

சொற்களைவிட அந்த இரண்டு மூன்று வினாடி மௌனத்தையே நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். “பரவால்ல” என்ற சொல்லை அவள் கேட்டிருப்பாள். ஆனால் அவள் நம்பியது அதற்கு முந்தைய மௌனத்தை. எண்ணைச் சொல்லத் தயங்காதவள் அதன் பொருளைச் சொல்லத் தயங்கினால், விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு அது புரியாமல் போகாது. தேர்வுப் பட்டியலை வாசிப்பதற்கு முன்னால் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ளும் கலையை அவர்கள் பன்னிரண்டு வயதிலேயே கற்றுவிடுகிறார்கள்.

அந்த 49 எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சோதனை நடந்த அறையின் வாசலில் மூத்த பெண்கள் மூவர் நின்றுகொண்டிருந்தார்கள், பயிற்சியாளரும் உள்ளே இருந்தார். யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. பிறர் உடனிருந்தால் வேகம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898-இலேயே எழுதிவிட்டார். தனியாக ஓட்டுகிற சைக்கிள்காரரைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டுகிறவர் வேகமாகப் போகிறார் என்பது அவர் கவனித்தது. ஆனால் அவரே சிறுவர்களை வைத்துச் செய்த சோதனையில், பக்கத்தில் ஒருவர் இருந்ததால் பதற்றமடைந்து பின்தங்கிய பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த இரண்டாம் பாதியை நாங்கள் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவோம்.

ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை 6-இலிருந்து 20 வரை உள்ள போர்க் அட்டையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்; 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் உச்சகட்டச் சிரமம். இதயத் துடிப்பு 190-ஐத் தாண்டிய நிலையில் அவள் 15-இல் விரலை வைத்தாள். அடுத்த நிமிடமே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 19-இல் விரல் வைக்கிற பிள்ளையை நான் இன்றுவரை அதிகம் பார்த்ததில்லை. வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உள்வாங்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1.10-ஐத் தொட்டால்தான் சோதனை எல்லையைத் தொட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம், அவளுக்கு 1.06-இல் நின்றது. அதாவது அந்த 49 அவளுடைய உச்சமாகவே இல்லாமல் இருக்கலாம். இதையும் குறிப்பேட்டில் எழுதினேன், அவளிடம் சொல்லவில்லை.

சோதனைக்கு முன்பு நடந்த ஒரு சிறிய பேச்சு இப்போது எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிகிறது. மாஸ்க்கைப் பொருத்தும்போது அவள், “ரத்தம் எடுப்பீங்களா மேடம்?” என்று கேட்டாள். நம் ஊரில் 800 மீட்டர் ஓடுகிற பெண்ணுக்குப் பரிசோதனை என்ற சொல் வெறும் சொல் அல்ல. 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தூரத்தில் வெள்ளி வென்ற, புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டதை, அப்போது பிறந்தேயிராத பிள்ளைகளும் அறிவார்கள். அவளுடைய பயம் எனக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே, “ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க மாட்டோம், பயப்படாத” என்றேன். அவளை இயல்பாக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்து வாரம் கழித்துப் பயிற்சியாளர் என் அறைக்கு வந்தார். 2 நிமிடம் 16 வினாடியில் ஓடிக்கொண்டிருந்தவள் தேர்வுப் போட்டியில் 2:21-இல் முடித்திருந்தாள்; கடைசி 200 மீட்டரில் கால் ஓடவில்லை, நடந்தது என்றார். நாற்காலியில் உட்காராமலே கேட்டார்: “மேடம், அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னீங்க?” நான் சொன்னதைச் சொன்னேன். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான் சார்.” “அவ ரூம்ல எல்லார்கிட்டயும், ‘எனக்கு எண்ணூறு வராதுன்னு மெஷின் சொல்லிருச்சு’ன்னு சொல்லிட்டிருக்கா.”

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அவர், “நீங்க சொல்லலதான்” என்றார். அந்தத் ‘தான்’ எப்படி ஒலித்தது என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அதே வாரத்தில் விடுதிக் காப்பாளர் அம்மா வேறொரு செய்தி சொன்னார். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்; அத்தை மகன்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிட்டால் இரண்டு வருடம் தள்ளிப்போடலாம் என்று அப்பாவிடம் பேசிவைத்திருந்தாளாம். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்வு இரக்கமன்று, நிம்மதி. காரணம் வீட்டில் இருக்கிறது, என் அறையில் இல்லை. ஒரு நாள் முழுவதும் அந்த நிம்மதியோடு இருந்தேன். பிறகுதான் வேறொரு வகையில் உறைத்தது: 800 மீட்டர் மட்டுமே தன் திருமணத்தைத் தள்ளிவைக்கும் என்று நம்பிய ஒருத்தியிடம் போய், எண்ணூறுக்கு இன்னும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அது உடலியல் கருத்து. அவளுக்கு அது வேறொரு கேள்விக்கான பதில். அவள் எந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொள்ள நான் எதையும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பிறகு ரத்தம் வந்தது. தேர்வுப் போட்டி முடிந்து இரண்டு மாதம் கழித்து, தலைசுற்றல் என்று மருத்துவமனைக்குப் போனபோது எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டத்தில் இருந்தது. சேமிப்பு அவ்வளவு காலியாவதற்கு மாதக்கணக்கில் ஆகும்; ஆகவே என் ட்ரெட்மில்லில் ஏறிய நாளிலும் அவள் ரத்தசோகையோடுதான் ஏறியிருக்க வேண்டும். ஆக்சிஜனைச் சுமக்கிற பொருளே குறைந்துகிடந்த உடலை அளந்துவிட்டு, அந்த அளவை அவளுடைய திறமை என்று படித்துக்காட்டியிருக்கிறேன். மாதவிடாய், வியர்வை, கடினமான தரையில் ஓடும்போது பாதத்தில் நொறுங்கும் சிவப்பணுக்கள், சாப்பாட்டோடு குடிக்கிற டீ என்று இரும்பு குறைய வழிகள் பல. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். இந்த எண்ணைப் பயிற்சியாளர்களுக்கான வகுப்புகளில் நானே படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இங்கே ஓர் ஒப்புதல் தேவைப்படுகிறது. அந்த ரத்த அறிக்கையைப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் ஒரு நிம்மதி வந்தது. ஓட்டம் சரிந்ததற்கு இரும்புதான் காரணம் என்றால், என் பேச்சு காரணமில்லை. ரத்தத்தை முதலில் பார்க்காதது என் தவறுதான். ஆனால் அதைப் பங்குபோட ஆட்கள் உண்டு. ஃபெரிட்டின் பார்க்க வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்குக் கையெழுத்து வேண்டும், அதற்கான தொகை எந்தத் தலைப்பிலும் இல்லை. பதிலுக்கு முன்னால் நான் காத்த மௌனத்தையோ யாரோடும் பங்குபோட முடியாது. எனவே சிறிய குற்றத்தை நானே முன்வந்து ஒப்புக்கொண்டேன். கூட்டத்தில் எழுந்து, இனிமேல் ரத்தம் பார்க்காமல் ட்ரெட்மில்லில் ஏற்றக் கூடாது என்று பேசினேன். நேர்மையான பேச்சு என்று பாராட்டினார்கள். அது நேர்மையாகவும் இருந்தது, ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருந்தது.

இரும்பால்தான் சரிந்தாள் என்பதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அதே குறைந்த ரத்தத்தோடு அவள் முன்பு 2:16 ஓடியிருக்கக் கூடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உண்மையான மரபணு என்னவாக இருந்தாலும், உடற்பயிற்சிக்கு உகந்ததல்லாத மரபணு உங்களுக்கு இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் அதன்பின் ட்ரெட்மில்லில் முன்னைவிடச் சீக்கிரம் சோர்ந்தார்கள். மனம் தளர்ந்தது மட்டுமில்லை. மூச்சின் அளவுகளே மாறின. அவளைச் சோதிப்பதற்கு முந்தைய மாதம்தான் இந்த ஆய்வை ஒரு பட்டறையில் விவரித்திருந்தேன். “பார்த்துப் பேசுங்க” என்று பயிற்சியாளர்களுக்கு அறிவுரையும் சொன்னேன்.

ஒரே ஒரு ஓட்டத்தின் ஐந்து வினாடியை ரத்தத்துக்கு இவ்வளவு, என் பேச்சுக்கு இவ்வளவு, அத்தை மகனுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க எந்தக் கருவியும் கிடையாது. நூறு பேரை வைத்து ஆய்வு செய்தால் சராசரியைச் சொல்லலாம், அவள் ஒருத்தி. உடலியல், உளவியல், சமூகவியல் என்று மூன்று தாள்களாக எழுதித் தேறிய எனக்கு, இந்த மூன்றும் ஒரே காலில் ஓடும்போது எந்தத் தாளில் விடை எழுதுவது என்று விளங்கவில்லை.

பயிற்சியாளரின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அது நியாயமில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எண்ணை மறைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. “என்னைய ஒருத்தர் ‘நீ ஆக மாட்ட’ன்னு சொன்னாரு மேடம், அந்தக் கோவத்துலதான் ஸ்டேட் மெடல் அடிச்சேன். எல்லாரும் பொசுக்குனு உக்காந்துற மாட்டாங்க” என்றார். உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டு உட்கார்ந்துவிட்டவர்கள் பயிற்சியாளர்களாகி என் அறைக்கு வந்து கதை சொல்வதில்லை என்பதை அவரிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அவள் அந்த ஆண்டு இறுதியில் விடுதியை விட்டுப் போனாள். இரும்பு மாத்திரை சாப்பிட்டு ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிய பிறகு ஒரு முறை அவளை ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்க்க நினைத்தேன். அவளுக்கு நல்ல எண் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதற்காகவா, எனக்கு விடை வேண்டும் என்பதற்காகவா என்று தீர்மானிப்பதற்குள் அவள் ஊருக்குப் போய்விட்டாள். திருமணம் நடந்ததா என்று விசாரிக்கவில்லை. விசாரிக்கக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் எண்களைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். ரத்தம் பார்க்கிறேன், வாசலைச் சாத்துகிறேன், பயிற்சியாளரை வெளியே உட்காரச் சொல்கிறேன், யாராவது எவ்வளவு என்று கேட்டால் உன் சாரிடம் அறிக்கை வரும் என்கிறேன். ஒரு வருடம் இது சரியாகத்தான் போனது. போன மாதம் ஒரு பையனுக்கு 68 வந்தது. மகிழ்ச்சியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்று மாலை டிராக் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது இரண்டு சிறுமிகள் பேசியது காதில் விழுந்தது. “மேடம் சொல்லுவாங்கடி, நல்லா வந்தா சொல்லிருவாங்க. சொல்லலைன்னா கம்மின்னு அர்த்தம்.”

யோசித்துப் பார்த்தால், அந்தப் பையன் முதல் ஆளில்லை. முன்பும் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாமே நல்ல எண்கள். மறுநாள் காலை அந்த இரண்டு சிறுமிகளில் ஒருத்திக்குச் சோதனை இருந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது, விகிதம் 1.12 தொட்டது, அட்டையில் 19-இல் விரல் வைத்தாள். இறங்கி, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அவள் எதுவும் கேட்கவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நான் திரையில் எதையோ சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.